கெட்டியாகக் குழைத்துக் கொடுங்கள்: வாசகர் கேள்வி–பதில்

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு வேறு என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று கேட்டு வரும் கடிதங்கள் இந்த மாதம் மிகுதி. காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து வந்தவற்றில் சிலவற்றைத் தேர்ந்து விடையளித்திருக்கிறேன். ஒரே செய்தியைப் பலரும் கேட்டிருப்பதால், முதல் கடிதத்துக்கான விடை நீண்டிருக்கிறது. மற்றவர்களும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் கேள்விக்கு வருவது நல்லது.

கேள்வி: என் மகனுக்கு அடுத்த வாரம் ஆறு மாதம் நிறைகிறது. பேறுகாலத்துக்கு வந்த நான் இன்னும் தாய்வீட்டில்தான் இருக்கிறேன். பருப்புத் தண்ணீரில் தொடங்கி ஒரு மாதம் அதையே கொடுக்க வேண்டும் என்கிறார்கள் ஆயா (அம்மாவின் அம்மா). கடையில் விற்கும் டப்பா மாவில்தான் எல்லாச் சத்தும் இருக்கிறது என்கிறார் மாமியார். எதில் தொடங்குவது, எவ்வளவு கொடுப்பது?
— ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஆறு மாதம் என்றால் 180 நாள்கள் நிறைவது. அதுவரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை என்பதும், அதன்பின் மற்ற உணவுகளோடு இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடர வேண்டும் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நீங்கள் சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். தலை நின்று, சற்றுப் பிடித்துக்கொண்டால் உட்காரும் நிலைக்குக் குழந்தை வந்திருப்பதையும், நீங்கள் சாப்பிடும்போது உங்கள் தட்டை எட்டிப் பார்ப்பதையும் கவனித்திருப்பீர்கள்.

பருப்புத் தண்ணீரைப் பற்றி உங்கள் ஆயாவிடம் பணிவாக ஒன்று சொல்லுங்கள். பருப்பை வேகவைத்து மேலாக இறுத்தெடுக்கும் நீரில் மணமும் உப்பும் இருக்குமே தவிர, புரதமும் ஆற்றலும் பெரும்பாலும் அடியில் தங்கிய பருப்பிலேயே இருந்துவிடுகின்றன. அந்தப் பருப்பைப் பெரியவர்கள் சாப்பிட்டுவிட்டு நீரைக் குழந்தைக்குக் கொடுக்கிறோம். சாதம் வடித்த கஞ்சித் தண்ணீருக்கும், பாலில் கரைத்த பிஸ்கட்டுக்கும் ஏறத்தாழ இதே குறைதான். ஆறிலிருந்து எட்டு மாதம்வரை தாய்ப்பாலுக்கு மேல் நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி தேவைப்படுகிறது. ஒன்பதிலிருந்து பதினொரு மாதம்வரை 300, ஒன்றிலிருந்து இரண்டு வயதுவரை 550. ஆனால் குழந்தையின் வயிறு கிலோவுக்கு ஏறக்குறைய 30 மில்லிதான் கொள்ளும். ஏழு கிலோ எடையுள்ள ஒரு குழந்தையின் வயிறு 200 மில்லிக்குச் சற்று அதிகமானதையே ஒரு வேளையில் தாங்கும் என்றால், அந்தச் சிறிய இடத்தை நீரால் நிரப்புவது எவ்வளவு இழப்பு என்பதை நினைத்துப் பாருங்கள். வயிறு நிறைந்துவிடும், அழுகை நிற்கும், தாய்ப்பால் குடிப்பதும் குறையும். எடை மட்டும் ஏறாது. இந்த வட்டாரத்தில் எட்டு, ஒன்பது மாதத்தில் எடை தேங்கி வரும் குழந்தைகளின் வீட்டில் நான் முதலில் கேட்பது, கிண்ணத்தில் இருப்பது ஓடுகிறதா, நிற்கிறதா என்பதைத்தான்.

ஆகவே பருப்பையே கொடுங்கள். மூன்று பங்கு அரிசியும் ஒரு பங்கு பாசிப்பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்து, உப்பில்லாமல், அரைத் தேக்கரண்டி நெய் விட்டு, கரண்டியின் பின்புறத்தால் மசித்தால் அதுவே நல்ல முதல் உணவு. தாய்ப்பாலைச் சிறிது பீய்ச்சிக் கலந்து இளக்கிக்கொள்ளலாம். சுவை பழகியதாக இருப்பதால் குழந்தை எளிதில் ஏற்கும். கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாமல் மெதுவாக நழுவி விழும் பதம்தான் அளவு. முதல் நாள்களில் இரண்டு மூன்று தேக்கரண்டி, நாளுக்கு இரண்டு வேளை போதும். வேகமாகக் கூட்ட வேண்டாம். எட்டு மாதம் நிறைவதற்குள் 250 மில்லி பிடிக்கும் கிண்ணத்தில் பாதியளவை இரண்டு மூன்று வேளை உண்ணும்படி பழக்கினால் போதுமானது. நெய்யைப் பற்றி அஞ்ச வேண்டாம். சிறிய கிண்ணத்தில் ஆற்றலைக் கூட்ட அதைவிட எளிய வழி இல்லை. நெய் இல்லாத நாளில் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ சேர்க்கலாம்.

ஒரு வாரம் கழித்துக் கேழ்வரகுக்கு வாருங்கள். நூறு கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள தானியம் அது. ஊறவைத்து அரைத்துத் துணியில் வடிகட்டிப் பாலெடுத்துக் காய்ச்சுவது நம் வீடுகளில் வழக்கம். தொடக்கத்தில் அது தவறில்லை என்றாலும், வடிகட்டிய சக்கையோடு சத்தில் ஒரு பகுதி போய்விடுகிறது என்பதால் முளைகட்டிய மாவையே நான் விரும்புகிறேன். ஓர் இரவு ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி ஒன்றிரண்டு நாள் வைத்தால் வெண்முளை விடும். நிழலில் உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து, திரித்துச் சலித்துக்கொள்ளுங்கள். முளைக்கும்போது தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி உண்டாகி மாச்சத்தை உடைக்கிறது. கெட்டியாகக் காய்ச்சி இறக்கிய சாதக் கூழிலோ அரிசிக் கஞ்சியிலோ, சற்றுச் சூடு தணிந்ததும் அரைத் தேக்கரண்டி முளைமாவைக் கலந்தால் சில நிமிடங்களில் அது இளகுவதைக் கண்ணாலேயே காணலாம். நீர் சேர்க்காமலே இளகியிருப்பதால் சத்து அப்படியே இருக்கிறது, விழுங்குவதும் எளிது. அதன்பின் ஒரு கொதி விட்டு இறக்கிக் கொடுங்கள். இதற்கு நெடுநேரம் வறுக்காத மாவே வேண்டும். கருக வறுத்துவிட்டால் நொதி அழிந்துவிடும். முளைகட்டுவதில் வேறொரு பயனும் உண்டு: இரும்புச்சத்தைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் குறைகிறது.

காய்களில் பரங்கிக்காய், காரட், உருளைக்கிழங்கு, பீர்க்கங்காய் எல்லாம் வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். பழங்களில் வாழைப்பழமும் பப்பாளியும் இங்கே எளிதில் கிடைக்கின்றன. அரிசி, காய், பழம் ஆகியவற்றுக்கு இடையே நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. முட்டை, மீன், நிலக்கடலை, கோதுமை, பால் போன்றவற்றை மட்டும் ஒவ்வொன்றாக, காலை வேளையில், இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டுத் தொடங்கினால் ஒவ்வாமை தெரிந்தாலும் எதனால் என்று தெளிவாகிவிடும். அதனால்தான் இருபது பொருள்களை ஒன்றாக வறுத்துத் திரிக்கும் சத்துமாவை முதல் மாதத்திலேயே கொடுக்க வேண்டாம் என்கிறேன். முந்திரியும் பாதாமும் கடலையும் சேர்ந்த மாவில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை யார் சொல்ல முடியும்?

கடை மாவைப் பற்றி உங்கள் மாமியாருக்கு: அவற்றில் இரும்பும் உயிர்ச்சத்துகளும் சேர்க்கப்பட்டிருப்பது உண்மை, பயணத்தில் உதவும் என்பதும் உண்மை. ஆனால் பலவற்றில் சர்க்கரை இருக்கிறது, எல்லாவற்றிலும் ஒரே மணமும் ஒரே வழவழப்பும் இருக்கின்றன. வீட்டுச் சாப்பாட்டின் சுவையையும் பதத்தையும் அறிய வேண்டிய மாதங்களில் குழந்தை டப்பாவின் சுவையையே அறிகிறது. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான உணவுகளை விளம்பரம் செய்வதையே 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் தடைசெய்திருக்கின்றன. உங்கள் பகுதி அங்கன்வாடியில் ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளுக்குச் சத்துமாவு கொடுக்கிறார்கள். அதில் வெல்லம் சேர்ந்திருப்பதால் அதையே மூன்று வேளையும் கொடுக்காமல் ஒரு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாவு வாங்கப் போகும்போது குழந்தையின் எடையையும் பார்த்து அட்டையில் குறித்துவரச் சொல்லுங்கள். அந்தக் கோடு மேலே ஏறுகிறதா என்பது, உங்கள் வீட்டில் யார் சொன்னது சரி என்பதைவிடப் பெரிய செய்தி.

கேள்வி: என் பேத்திக்கு ஏழு மாதம் ஆகிறது. ஊட்டினால் நாக்கால் வெளியே தள்ளுகிறாள், முகத்தைச் சுளிக்கிறாள். நாங்கள் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் கிடத்திச் சங்கால் புகட்டியே ஆறு பிள்ளைகளை வளர்த்தோம். மருமகள் அதைச் செய்யக்கூடாது என்கிறாள். உரைமருந்தும் வேண்டாம் என்கிறாள். எங்கள் வழக்கம் எல்லாமே தவறா?
— ஓர் அப்பத்தா, காரைக்குடி

பதில்: ஆச்சி, உங்கள் வழக்கத்தில் நல்லது நிறைய இருக்கிறது. தனித்தனியாகச் சமைக்காமல் வீட்டுச் சோற்றையே குழைத்து ஊட்டியது, பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் ஊட்டியது, குழந்தையைத் தனியே விடாமல் மடியில் வைத்திருந்தது ஆகியவற்றை இன்றைய மருத்துவமும் வேண்டுகிறது. படுக்கவைத்துப் புகட்டுவது ஒன்றைத்தான் விட்டுவிடச் சொல்கிறோம். குழந்தை அழும்போது மூச்சுக்குழாய் திறந்திருக்கும்; அந்த நேரத்தில் மல்லாந்த வாயில் ஊற்றப்படும் கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கிச் சளியும் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வரக்கூடும். உங்கள் பேத்தியை மடியில் நிமிர்த்தி உட்கார்த்தி, உங்கள் முகம் அவளுக்குத் தெரியும்படி, சிறு கரண்டியிலோ விரல்நுனியிலோ ஊட்டிப் பாருங்கள்.

நாக்கால் தள்ளுவது பிடிக்காமல் செய்வதல்ல. இதுவரை உறிஞ்சிக் குடிக்கத்தான் அந்த நாக்குக்குத் தெரியும். உணவைப் பின்னே தள்ளிக் கொண்டுசென்று விழுங்குவதை இப்போதுதான் கற்கிறது. கரண்டியைக் கீழ் உதட்டில் வைத்துக் காத்திருங்கள். அவளே வாயைத் திறந்து வாங்கட்டும். முகம் சுளிக்கும் ஒரு காயை எட்டு, பத்து முறை, சில குழந்தைகளுக்குப் பதினைந்து முறைகூட, வெவ்வேறு நாள்களில் சிறிது சிறிதாகக் காட்டிய பிறகே அவர்கள் ஏற்கிறார்கள் என்பது நன்கு அறியப்பட்டது. மூன்றாம் நாளே "இவளுக்குப் பரங்கிக்காய் ஆகாது" என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். வாயை மூடித் தலையைத் திருப்பினால் போதும் என்று பொருள். அந்த வேளைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள். தொலைக்காட்சியோ கைப்பேசியோ காட்டி மறந்திருக்கும்போது வாயில் திணிப்பது, பசியும் நிறைவும் எவை என்பதையே அவள் உணராமல் செய்துவிடும்.

மிக்ஸியில் வழவழப்பாக அரைப்பதை எட்டு மாதத்தோடு நிறுத்துங்கள். ஒன்பது, பத்து மாதம்வரை கட்டியே அறியாத குழந்தைகள் பிறகு மெல்ல மறுப்பதைப் பலமுறை பார்க்கிறோம். ஆவியில் வெந்த இடியாப்பத்தைச் சிறு துண்டுகளாகக் கிள்ளித் தேங்காய்ப்பாலில் நனைத்துத் தட்டில் வையுங்கள். இட்லித் துண்டும், விரல்களுக்கிடையே நசுங்குமளவு வெந்த காரட் துண்டும் வையுங்கள். அவளே எடுத்து மேலெல்லாம் பூசிக்கொள்ளட்டும். முற்றமும் பட்டாலையும் கழுவித் துடைக்கக் கூடியவைதான்.

அப்போது சில நேரம் குமட்டுவாள். முகம் சிவந்து, ஓங்கரித்து, இருமி, தானே வெளியே கொண்டுவருவாள். அது இயல்பு, விரலை வாய்க்குள் விட்டுத் துழாவ வேண்டாம். சத்தமே இல்லாமல், அழ முடியாமல், உதடு நீலமானால் அதுதான் அடைப்பு. உடனே தலை தாழ இருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தித் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டி, பயன் இல்லையென்றால் மல்லாத்தி மார்பின் நடுவே இரு விரல்களால் ஐந்து முறை அழுத்தி, பொருள் வெளிவரும்வரை இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்துகொண்டே இருக்க வேண்டும். அதற்குள் வேறொருவர் 108க்கு அழைக்கட்டும். முழு நிலக்கடலை, முறுக்கு, சீடை, உருண்டைத் திராட்சை, பச்சைக் காரட், பேரீச்சை விதை ஆகியவை எட்டும் இடத்தில் இருக்கவே கூடாது.

உரைமருந்தில் உங்கள் மருமகள் சொல்வதே சரி. பிள்ளை வளர்ப்பான் என்று நாம் பெயரிட்டு அழைக்கும் வசம்பில் உள்ள ஆசரோன் என்ற பொருள் தீங்கானது என்பது விலங்குகளில் கண்டறியப்பட்டிருக்கிறது; ஜாதிக்காய் சற்று மிகுந்தாலும் குழந்தை மயங்கித் தூங்கும். கல்லில் எத்தனை சுற்று உரைத்தோம் என்பதை வைத்து அளவு சொல்ல முடியாது. அந்தக் கல்லின் ஈரமும் வயிற்றுப்போக்குக்கு வழி.

கேள்வி: எங்கள் வீட்டில் அசைவம் உண்டு. முட்டை, மீன், ஆட்டு ஈரல் எல்லாம் ஒரு வயது முடிந்தபின்தான் என்று சொல்கிறார்கள். முட்டையின் வெள்ளைக்கரு ஒவ்வாது என்றும், கடலை கொடுத்தால் கரப்பான் (அரிப்போடு வரும் தோல்நோய்) வரும் என்றும் பயமாக இருக்கிறது. குழந்தைக்கு ஏழரை மாதம்.
— ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஒரு வயதுவரை காத்திருக்க வேண்டாம், காத்திருப்பதில்தான் இழப்பு. வயிற்றில் இருக்கும்போது தாயிடமிருந்து குழந்தை சேர்த்துக்கொண்ட இரும்பு ஏறக்குறைய ஆறு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள இந்தியக் குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இறைச்சியிலும் ஈரலிலும் உள்ள இரும்பு, கீரையிலும் தானியத்திலும் உள்ளதைவிட எளிதாக உடலில் சேர்கிறது. காரமும் மசாலாவும் சேர்ப்பதற்கு முன் ஒரு துண்டு கறியை எடுத்து, நன்கு வேகவைத்து, மை போல் அரைத்துச் சோற்றில் கலந்தால் போதும். கறி வெந்த சூப்பை மட்டும் கொடுப்பது மறுபடியும் பருப்புத் தண்ணீர்க் கதைதான். ஈரலை வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல், ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். அதில் உயிர்ச்சத்து ஏ மிக அதிகம்.

முட்டையை நன்றாக அவித்து, மஞ்சளும் வெள்ளையும் சேர்த்தே கொடுக்கலாம். முதல் நாள் கால் தேக்கரண்டி, அடுத்த நாள் அரை என்று கூட்டுங்கள். மீனில் தொண்டிப் பக்கத்திலிருந்து வரும் எதுவாக இருந்தாலும் முள்ளைக் கைவிரலால் தடவித் தடவி எடுத்தபின் கொடுங்கள். சுறாவை மட்டும் குழந்தைக்குத் தவிர்த்துவிடுங்கள், பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்துகொள்கிறது.

நிலக்கடலையைத் தள்ளிப்போடுவதே ஒவ்வாமையைத் தடுக்கும் என்றுதான் முன்பு மருத்துவர்களும் சொல்லிவந்தார்கள். 2015ஆம் ஆண்டில் வெளியான லண்டன் ஆய்வு ஒன்று அதைத் தலைகீழாக்கியது. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளைத் தேர்ந்து, ஒரு பாதிக்குக் கடலையைக் குழந்தைப் பருவத்திலேயே கொடுத்தும் மறுபாதிக்குத் தவிர்த்தும் ஐந்து வயதுவரை பின்தொடர்ந்தபோது, கொடுத்தவர்களிடம் கடலை ஒவ்வாமை ஏறக்குறைய 80 விழுக்காடு குறைந்திருந்தது. ஆகவே தோலுரித்து வறுத்து வெண்ணெய் போல் அரைத்த கடலையைக் கஞ்சியில் கால் தேக்கரண்டி கலந்து தொடங்குங்கள். உங்கள் குழந்தைக்கு ஏற்கெனவே கடுமையான கரப்பான் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள். உணவு கொடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் உடலில் தடிப்பு, உதடு வீக்கம், தொடர் வாந்தி வந்தால் அதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு இரைத்தாலோ குழந்தை துவண்டாலோ மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள்.

சைவ வீடுகளில் இதையே படிப்பவர்களுக்கு ஒரு சொல்: பருப்பும் கீரையும் சேர்ந்த சோற்றில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள், அல்லது உணவோடு கொய்யாவோ பப்பாளியோ கொடுங்கள். உயிர்ச்சத்து சி இருந்தால் கீரையின் இரும்பு கூடுதலாகச் சேரும். தேநீர், காபி ஒரு மிடறுகூட வேண்டாம். அத்தோடு, ஆறு மாதம் முதல் வாரம் இருமுறை ஒரு மில்லி வீதம் இரும்புச்சத்து மருந்து அரசுத் திட்டத்தில் கிடைக்கிறது; உங்கள் பகுதிச் செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள். இது அசைவ வீட்டுக்கும் பொருந்தும்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். மகளுக்கு எட்டு மாதம். ஆடியில் ஊருக்கு வரும்போது கோயிலில் சோறூட்ட இருக்கிறோம். நாவில் தேன் தடவலாமா? வீட்டில் செய்யும் ஆடிக்கும்மாயமும் கவுனியரிசியும் அவளுக்குக் கொடுக்கலாமா?
— ஒரு தந்தை, கானாடுகாத்தான்

பதில்: தேன் வேண்டாம், ஒரு துளிகூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரியின் வித்துகள் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைத் தளரச் செய்யும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை. கோயிலில் நெய்யிட்ட சோற்றை நன்கு மசித்து ஊட்டுங்கள். சடங்குக்கு அதுவே நிறைவானது.

கும்மாயத்தைப் பற்றிக் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. உளுந்தும் பாசிப்பருப்பும் பச்சரிசியும் வறுத்துத் திரித்த அந்த மாவு, கருப்பட்டி சேரும் முன்புவரை, குழந்தைக்கு மிகவும் ஏற்ற கலவை. வீட்டில் மாவு திரிக்கும்போது அரிசியின் பங்கைக் கூட்டி, பருப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரு பங்குக்கு அரிசி இரண்டு மூன்று பங்காகத் தனியே கொஞ்சம் திரித்துக்கொள்ளுங்கள். நீரில் கட்டியில்லாமல் கரைத்து, நன்கு வேகும்வரை கிளறி, நெய் விட்டுக் கெட்டிக் கூழாகக் கொடுக்கலாம். வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரையின் வேறு வடிவங்களே. நாட்டுப்பொருள் என்பதற்காக விதிவிலக்குத் தர முடியாது. ஒரு வயதுவரை இனிப்பும் உப்பும் சேர்க்காதீர்கள். இனிப்பு வேண்டுமென்றால் மசித்த வாழைப்பழம் போதும். கவுனியரிசி பிசுபிசுப்பாகத் தொண்டையில் ஒட்டும். இனிப்பும் தேங்காயும் சேர்த்தே செய்கிறோம் என்பதால் அதை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பணியாரமும் அப்படியே.

கேள்வி: கூழ் தொடங்கிய நாளிலிருந்து மலம் இறுகிவிட்டது. பசும்பால் கொடுக்கலாமா? வயிற்றுப்போக்கு வந்தால் உணவை நிறுத்த வேண்டுமா?
— ஒரு வாசகி, கோட்டையூர்

பதில்: தாய்ப்பாலோடு வேறு உணவு சேரும்போது மலத்தின் நிறமும் கெட்டியும் மாறும், முக்கி முக்கிக் கல்லாகப் போனால்தான் மலச்சிக்கல். கொதித்து ஆறிய நீரை உணவுக்கிடையே சில மிடறு கொடுங்கள். பப்பாளி, ஊறவைத்து மசித்த உலர்திராட்சை, கீரை ஆகியவற்றைக் கூட்டுங்கள். பசும்பாலை முதன்மைக் குடிபாலாக ஒரு வயதுக்கு முன் கொடுத்தால் சிக்கல் கூடும், இரும்புச்சத்தும் குறையும். தயிராகச் சிறிது கொடுப்பதில் தடையில்லை.

வயிற்றுப்போக்கின்போது தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தவே கூடாது. உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை உறைமேல் குறிப்பிட்ட அளவு நீரில் முழுதாகக் கரைத்து ஒவ்வொரு போக்குக்குப் பின்னும் சிறுகரண்டியால் கொடுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் அந்தக் கரைசலை வைக்க வேண்டாம். கூடவே 14 நாள் துத்தநாக மருந்து கொடுக்க வேண்டும் என்பதால் செவிலியரையோ மருத்துவரையோ பாருங்கள். குழந்தை குடிக்க மறுத்தாலோ, கண் குழிந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நோய் தீர்ந்த பின்னர் இரண்டு வாரம் நாளுக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள். இழந்த எடை அப்போதுதான் திரும்பும்.